ஒன்பதுக்கு மேஸ்திரி, ஒன்பதே காலுக்கு மார்க்கெட்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டார்கள். ஒன்று, பழைய வீட்டை ரிப்பேர் பண்ணிப் பார். இன்னொன்று, ஷேர் வாங்கி விற்றுப் பார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்து பார் என்று மட்டும் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு விரோதம் அந்தக் காலத்தில் கிடையாது.

நம்ம வீடு திருவல்லிக்கேணியில். 1931-இல் கொள்ளுத்தாத்தா கட்டியது. மெட்ராஸ் டெரஸ். இளைஞர்களுக்காக ஒரு விளக்கம்: இந்த வீடுகளில் கம்பியும் கிடையாது, கான்க்ரீட் தூணும் கிடையாது. சுவர் மேல் தேக்கு உத்திரம், உத்திரம் மேல் சட்டங்கள், அதன் மேல் மெல்லிசான செங்கலைக் குத்துக்கல்லாகக் குறுக்கு வசத்தில் அடுக்கிச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆயுசு கெட்டிதான். ஆனால் தொண்ணூறு வயசு தாண்டினால் மனுஷனுக்கே ஒழுகும், வீட்டுக்கு ஒழுகாதா?

போன ஐப்பசியில் கூடத்தில் ஏழு பாத்திரம் வைத்தோம். எட்டாவதாகத் தேடும்போது அம்மா சொன்னாள்: "அடுத்த மழைக்குள்ள இதைச் சரி பண்ணலைன்னா நான் உங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்." அக்கா வீடு பெங்களூரில் பதினோராவது மாடி. அம்மாவுக்கு லிஃப்ட் என்றால் பயம். அதையும் மீறிச் சொல்கிறாள் என்றால் நிலைமை உங்களுக்கே புரியும்.

அப்பா விட்டுப்போன பணம் ஒன்பது லட்சம் பாங்கில் இருந்தது. மேஸ்திரி போட்ட எஸ்டிமேட் பதினொன்றரை. சேர்த்து வைத்திருந்த நாற்பத்தைந்து நாள் லீவைப் போட்டேன். ஆடி பிறந்துவிட்டால் அம்மா கடப்பாரையைத் தொட விடமாட்டாள் என்பதால் ஆனி கடைசியிலேயே பூஜை போட்டாயிற்று.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ரெண்டரை லட்சம் துண்டு விழுதா? இதுக்குப் போய் பர்சனல் லோனா? ஒன்பது லட்சத்தைப் பாங்க்ல தூங்கப் போட்டிருக்கீங்களே ஸார்! லீவுல வீட்லதானே இருக்கப் போறீங்க? ஆப்ஷன் பண்ணுங்க. நான் சொல்லித் தரேன். லாபம் வந்தா உடனே எடுத்துடணும், நஷ்டம் வந்தா கொஞ்சம் பொறுக்கணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

மேஸ்திரி வருவது ஒன்பது மணிக்கு. மார்க்கெட் திறப்பது ஒன்பதே காலுக்கு. ஜாதகப் பொருத்தம் மாதிரி அமைந்துவிட்டது.

ஆனால் நமக்கு ஒரு குணம். எதையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் அரசாங்கம் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிறவன். 2024 செப்டம்பரில் 'செபி' ஒரு கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்று செல்லமாக அழைக்கப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய நம்மைப் போன்ற தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் 93 சதவீதம் பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்! நூறு பேர் பரீட்சை எழுதி ஏழு பேர் பாஸ் என்றால் அந்தக் காலேஜில் பிள்ளையைச் சேர்ப்பீர்களா? இங்கே க்யூவில் நிற்கிறோம். 2023-24-இல் அந்த க்யூவில் முப்பது வயசுக்குள்பட்டவர்கள் மட்டும் 43 சதவீதம்.

சரி, கற்றுக்கொள்வது தப்பில்லை. முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். வாங்கினது, விற்றது எல்லாம் அதில்தான். விலை நிஜம், நேரம் நிஜம், பணம் மட்டும் பொய். ஆப்ஷனும் வேண்டாம், அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கிற இன்ட்ரா-டே போதும் என்று முடிவு. பாங்கில் ஒன்பது லட்சம் பாட்டுக்குத் தூங்கட்டும்.

★

முதல் வாரம் அத்திம்பேர் வந்தார். அவருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சுவரை இடிக்கச் சொல்ல வேண்டும். "இந்தக் குறுக்குச் சுவரை எடுத்துட்டா கூடம் எவ்வளவு பெரிசாகும் தெரியுமா? எல்.ஈ.டி. லைட் போட்டா ஹோட்டல் மாதிரி இருக்கும்!"

மேஸ்திரி செய்யாறு பக்கம். அறுபது வயசு இருக்கும். பதில் சொல்லாமல் கரணையின் காம்பால் சுவரைத் தட்டினார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார்.

"ஸார், மேல பாருங்க. உத்தரம் எது மேல குந்தியிருக்கு?"

பார்த்தோம். அந்தச் சுவர் மேல்தான்.

"இது செவுரு இல்ல ஸார், தூணு. அந்த சமையக்கட்டு மறைப்பு இருக்கு பாருங்க, அது சும்மா. அதை இடிச்சா தூசிதான் வரும். இதை இடிச்சா வீடே வரும்."

அத்திம்பேர் காப்பி சாப்பிடப் போய்விட்டார். நான் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் பெரிசாக எழுதினேன்: 'உத்திரம் எது மேல் உட்கார்ந்திருக்கிறது?'

யோசித்துப் பாருங்கள். நம் பணத்திலும் இரண்டு வகைச் சுவர் உண்டு. ஒன்று பாரம் தாங்குவது: வாடகை, பிள்ளை ஃபீஸ், தங்கை கல்யாணம், கூரைப் பணம், ஆஸ்பத்திரிக்கு என்று வைத்தது. இன்னொன்று சும்மா மறைப்பு: போனால் தூசி தட்டிக்கொண்டு எழுந்து போகலாம். ஷேரில் விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விளையாடுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். மறைப்புச் சுவர் எவ்வளவு என்பது உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது. என் கணக்கில் இருபதாயிரம் வந்தது.

★

ஈரம் ஊறின பூச்சைக் கொத்தி எடுக்கிற வேலை இரண்டாவது வாரம். மேஸ்திரி கொத்த ஆரம்பிப்பதற்கு முன்னால் கரித்துண்டால் சுவரில் ஒரு கட்டம் போட்டார்.

"எதுக்கு மேஸ்திரி கோடு?"

"இந்தக் கோட்டுக்குள்ள கெட்டிப் பூச்சு கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா கோட்டோட நிறுத்திட்டு உங்களைக் கூப்புடுவேன். கோடு போடாம கொத்தினா கை நிக்காது ஸார். இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடின்னு போய் சாயங்காலம் செவுரே இருக்காது."

அமெரிக்காவில் இதற்குத் தடிதடியாகப் புத்தகம் போட்டு 'ஸ்டாப் லாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் ஷேரை வாங்கும்போதே, 990-க்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே உத்தரவு போட்டு வைப்பது. விஷயம் அந்தப் பத்து ரூபாயில் இல்லை. எப்போது கோடு போடுகிறோம் என்பதில். வாங்குவதற்கு முன்னால் மனசு நம்முடையது. வாங்கின பிறகு அது மார்க்கெட்டுடையது. ஷேர் இறங்கும்போது போடுகிற கோடு ஷேரோடு சேர்ந்தே இறங்கும்.

கோடு போட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ராத்திரி ஏதாவது கெட்ட செய்தி வந்து காலையில் 940-லேயே திறந்தால் 990 என்ற விலை கண்ணிலேயே படாது, 940-க்குத்தான் போகும். அதனால்தான் முதலில் சுவர், அப்புறம் கோடு.

★

முப்பது நாள் மார்க்கெட், தினம் இரண்டு. நோட்டில் அறுபது வியாபாரம். ஒவ்வொன்றும் ஒரு லட்ச ரூபாய்க்கு. ("இருபதாயிரம்னு சொன்னீரே?" என்கிறீர்கள். இன்ட்ரா-டேயில் இருபதாயிரம் கட்டினால் பல ஷேர்களில் ஒரு லட்சத்துக்கு வாங்க விடுவார்கள். அதில்தான் ஆபத்தே. ஷேர் ஒரு சதவீதம் இறங்கினால் உங்கள் பணத்தில் ஐந்து சதவீதம் காலி.) நண்பர் சொன்ன அதே சூட்சுமம்: லாபம் வந்தால் உடனே எடு, நஷ்டம் வந்தால் பொறு. ஒரே ஒரு திருத்தம், ஒரு சதவீதத்தில் மேஸ்திரியின் கரிக்கோடு.

ரிஸல்ட் சொல்கிறேன். அறுபதில் 36 லாபம், 24 நஷ்டம். அறுபது சதவீதம்! ஃபர்ஸ்ட் க்ளாஸ். போனில் நண்பர் "பாத்தீங்களா ஸார்!" என்று குதித்தார். கொஞ்சம் பொறுங்கள். லாபம் சராசரி 400 ரூபாய். 36 தடவைக்கு 14,400. நஷ்டம் சராசரி 650 ரூபாய். 24 தடவைக்கு 15,600. ஆக 1,200 ரூபாய் துண்டு. ஃபர்ஸ்ட் க்ளாஸில் பாஸ் பண்ணி ஃபீஸ் பாக்கி!

இன்னும் இருக்கிறது. புரோக்கர் கமிஷன், எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு வாங்கி விற்க ஏறக்குறைய 80 ரூபாய். பார்க்க ஒன்றுமில்லை, இரண்டு காப்பி. அறுபது தடவைக்கு 4,800. மொத்த நஷ்டம் 6,000. இதைக் கேட்டு மேஸ்திரி ஆச்சரியப்படவே இல்லை. "செங்கல்லுல யாரும் ஏமாற மாட்டாங்க ஸார். ஆணி, கயிறு, வண்டி வாடகை, டீ... அதுலதான் எஸ்டிமேட் ஒடையும்" என்றார்.

லாபத்தைச் சீக்கிரம் எடுப்பதும் நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் நண்பர் கண்டுபிடித்த சூட்சுமம் இல்லை, மனித சுபாவம். 1985-லேயே ஹெர்ஷ் ஷெஃப்ரின், மையர் ஸ்டாட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் அதற்குப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். லாபம் வந்தவுடன் நமக்குப் பயம் வருகிறது. நஷ்டம் வந்தவுடன் நம்பிக்கை வருகிறது. தலைகீழாக வந்திருந்தால் நாமெல்லாம் பணக்காரர்கள்.

எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2023-24-இல் எஃப் அண்ட் ஓ-வில் பெரிய கம்பெனிகள் தங்கள் சொந்தக் கணக்கில் சம்பாதித்தது 33,000 கோடி. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடி. அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்கள் ஈட்டியது. அந்தப் பக்கம் கண் சிமிட்டாத மெஷின். இந்தப் பக்கம் ஒரு கையில் சாம்பார் சாதம், ஒரு கையில் செல்போன், பின்னால் "சிமெண்ட் வந்தாச்சு ஸார்" என்ற குரல்.

★

பின்கட்டுச் சுவரில் இரண்டு அடி உயரத்துக்கு ஓதம். முந்தைய ரிப்பேரில் யாரோ அதன் மேல் சிமெண்டைப் பூசியிருந்தார்கள். இப்போது நாலு அடி உயரத்துக்கு ஏறியிருந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வந்து காயும். மேலே சிமெண்டைப் பூசினால் மூக்கைப் பொத்தின மாதிரி. ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறும். "பூசப் பூச ஏறும் ஸார்" என்றார் மேஸ்திரி.

நஷ்டத்தில் இருக்கிற ஷேரை இன்னும் வாங்கி 'ஆவரேஜ்' பண்ணுவது என்பது இதுதான். நூறு ரூபாய்க்கு வாங்கினது எண்பதுக்கு வந்தால் இன்னும் நூறு ஷேர், அறுபதுக்கு வந்தால் இன்னும் இருநூறு. பார்வைக்குப் பூச்சு பளபள. உள்ளே ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். நூறு ரூபாயில் ஐம்பது போனால் திரும்ப நூறாக ஐம்பது சதவீதம் ஏறினால் போதாது ஸார், நூறு சதவீதம் ஏற வேண்டும்.

ஆபீஸில் எங்கள் செக்‌ஷனிலேயே ஒருத்தர். எனக்கு ஆறு வருஷம் ஸீனியர். புறநகரில் சொந்தமாகக் கீழ்த்தளம் கட்டி, மாடிக்கென்று கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். பிள்ளைக்குக் கல்யாணமானால் மாடியில் குடி வைப்பதாகத் திட்டம். அந்த மாடிப் பணம் ஆப்ஷனில் போயிற்று. முதலில் கொஞ்சம், அதை மீட்க இன்னும் கொஞ்சம், அதை மீட்க பி.எஃப். லோன். வீட்டில் ஏழு மாசம் தெரியாது.

லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுண்ணாம்பு விசாரிக்கப் போன வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். மூலைக்கு மூலை கம்பிகள் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. துருப் பிடிக்காமல் இருக்க அவரே சிமெண்ட் பால் அடித்திருந்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை அடிச்சிடறேன்" என்றார். "பையன் எதுவும் கேக்கறதில்லை. கேட்டாத் தேவலை."

நான் ஷேரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது? சுண்ணாம்பு எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டேன். விலாசம் எழுதிக் கொடுத்தார்.

★

பரணைக் காலி பண்ணும்போது ஒரு தகரப் பெட்டி. உள்ளே பஞ்சாங்கம், பித்தளைச் செம்பு மூடி, தாத்தா பெயரில் மூன்று ஷேர் சர்டிபிகேட்! தாத்தா மார்க்கெட்டுக்கு டிராமிலும் பஸ்ஸிலும் போனவர். 1937-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் செகண்ட் லைன் பீச்சில் இருந்தது. 2015-இல் அதற்கும் மங்களம் பாடியாயிற்று.

மூன்றில் இரண்டு கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. மூன்றாவது உயிரோடு இருக்கிறது. அம்மா உடனே "கூரைக்கு ஆச்சு!" என்றாள். இல்லை. ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்டை யாரும் வாங்கவில்லை என்றால் ஷேர் ஐ.இ.பி.எஃப். என்ற அரசாங்க நிதிக்குப் போய்விடும். வாரிசு என்று நிரூபித்து, 'ஐ.இ.பி.எஃப்.-5' என்ற படிவம் போட்டுத்தான் மீட்க வேண்டும். காகித ஷேரை மாற்றி விற்பது 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டது. டீமேட்டாக வந்தால்தான் உண்டு. படிவம் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்கள். அதற்கு 9.15 மணி என்று கணக்கில்லை.

★

புரட்டாசி கடைசியில் கூரை முடிந்தது. மேலே தண்ணியைக் கட்டி இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார் மேஸ்திரி. கீழே ஒரு பொட்டு இல்லை. ஒன்பது லட்சமும் கூரைக்கும் சுவருக்குமே சரியாகப் போயிற்று. துண்டு விழுந்த இரண்டரை லட்சம் தரைக்கும் பாத்ரூம் டைல்ஸுக்கும்தான். அதைத் தள்ளிப் போட்டுவிட்டேன். சிவப்புத் தரை நாலு இடத்தில் வெடித்திருந்தால் என்ன, காலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

நோட்டை மூடவில்லை. இருபதாயிரத்தில் நிஜமாகவே மெதுவாக ஆரம்பித்திருக்கிறேன், லீவரேஜ் இல்லாமல். மாசத்துக்கு இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான். அடிக்கடி கை வைப்பவர்களுக்குத்தான் அடி அதிகம். இன்ட்ரா-டேயில் 2022-23-இல் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் என்றால், வருஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் பத்துக்கு எட்டு. இதுவும் செபி கணக்குதான்.

கடைசி நாள் கூலி வாங்கிக்கொண்டு, ரசமட்டத்தையும் தூக்குக் குண்டையும் பையில் போட்டபடி மேஸ்திரி கேட்டார்: "ஸார், தினம் பாக்கறேன், ஒன்பதே காலுலேர்ந்து மூணரை வரைக்கும் அந்த நோட்டுல எழுதறீங்க. வேலை கஷ்டமா?"

"கஷ்டம்தான் மேஸ்திரி."

"கூலி எவ்வளவு ஸார் தராங்க?"

"கூலி கிடையாது. சில நாள் நாமதான் தரணும்."

மேஸ்திரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த மாசம் செய்யாறுல ஒரு வீட்டு வேலை இருக்கு ஸார். சித்தாளுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க தெரிஞ்ச மனுஷர்..." என்று இழுத்தார்.

உள்ளேயிருந்து அம்மா, "டிபன் தருவாளான்னு கேளுடா!" என்றாள்.